போர்க்கால ஜப்பானிய வாள்கள்: கையொப்பமும் முத்திரையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், மலேசியா, சென்னை, கோவை என்று பல ஊர்களிலிருந்து எனக்கு வாள் படங்கள் வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் விட்டுப் போனவை, அல்லது தாத்தா பர்மாவிலிருந்து கொண்டு வந்தவை. படத்தோடு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

வாள்ல எழுத்து எங்க இருக்கும்? தேடித் தேடிப் பார்த்தும் ஒண்ணும் தெரியலையே.

பிடிக்குள்ளே இருக்கும். வாளின் இரும்பு பிடிக்கு முன்னால் முடிந்துவிடாது. மெருகேற்றாத பகுதியாக, ஏறக்குறைய ஒரு சாண் நீளம் பிடிக்குள் போகும். ஜப்பானியர் இதை நகாகோ என்பார்கள்; நான் ‘காம்பு’ என்றே எழுதுகிறேன். கொல்லரின் கையொப்பம், தேதி, பரிசோதனை முத்திரை எல்லாம் இந்தக் காம்பில்தான் வெட்டியிருக்கும்.

ஒரே ஒரு வகைக்கு இது பொருந்தாது. உலோகப் பிடி போட்ட சார்ஜென்ட் வாள் அது. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்களுடையது அந்த வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதன் பிடியைக் கழற்றவே தேவையில்லை.

பிடியை எப்படிக் கழட்டுறது? உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

நாடா சுற்றிய பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இருக்கும். அதற்கு மெக்குகி என்று பெயர். சில ராணுவ வாள்களில் இரண்டு ஆணிகள் உண்டு, சிலவற்றில் திருகு இருக்கும். ஆணி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பி வைத்து மெதுவாகத் தட்டினால் வெளியே வந்துவிடும்.

அப்புறம் வாளை உறையிலிருந்து உருவி, பிடியின் அடியை இடது கையால் பற்றுங்கள். முனை மேலே, சற்றுச் சாய்ந்து நிற்கட்டும். கூர் விளிம்பு உங்களைப் பார்க்கக் கூடாது. வலது முட்டியால் இடது மணிக்கட்டில் தட்டுங்கள். நாலைந்து தட்டில் காம்பு தளர்ந்து மேலே எழும். பிடிக்கும் கைக்காப்புக்கும் நடுவே சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் அடுக்கி இருக்கும். அவை எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வராமல் அடம்பிடித்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். எண்பது வருஷமாக உள்ளே இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம், தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

காம்பு பூரா துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டுப் படிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். உப்புத்தாள், எலுமிச்சம்பழம், புளி, துரு நீக்கும் திரவம் எதுவுமே வேண்டாம். காம்பின் துருதான் வாளின் வயதுச் சான்று. சில நூறு ஆண்டுகள் பழைய காம்பில் துரு கருத்து, வழவழவென்று ஒரு தோல் போலப் படிந்திருக்கும். போர்க்காலக் காம்பில் அது இளம்பழுப்பாகவோ வெறும் சாம்பல் நிறமாகவோ இருக்கும், அரம் ஓட்டிய கோடுகள் இன்னும் கூர்மையாகத் தெரியும். தேய்த்துவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போகிறது. வாளின் மதிப்பும் அதோடு சரிந்துவிடும்.

உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள், அது போதும். எழுத்து மங்கலாக இருந்தால் சோளமாவை விரலால் தடவி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டால் வெட்டுக்குள் மட்டும் மாவு நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். படம் எடுத்ததும் மாவை முழுக்கத் துடைத்துவிடுங்கள், ஈரம் இழுக்கும்.

படம் எப்படி எடுத்து அனுப்பணும்? எழுத்து தலைகீழா இருக்கான்னே தெரியலை.

வாளின் முனை மேலே, காம்பு கீழே வருமாறு வையுங்கள். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடும், அலகுப் பக்கம்தான் மேல். விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகும். காம்பின் இரண்டு பக்கமும், அதன் முதுகு விளிம்பும் வேண்டும். முதுகை யாரும் எடுப்பதே இல்லை, பல சமயம் எண் அங்கேதான் இருக்கிறது.

சில கைபேசிகள் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடும். அதையும் ஒரு தடவை சரிபார்த்து அனுப்புங்கள்.

கையொப்பத்துல என்னதான் எழுதியிருப்பாங்க? பேர் மட்டுமா?

பெயர் மட்டும் இரண்டு எழுத்தில் இருப்பதும் உண்டு. முழுமையாக எழுதினால் ஊர், குடிப்பெயர், கொல்லர் பெயர், கடைசியில் ‘செய்தது’ என்ற சொல் என்று வரும். உதாரணமாக ‘நோஷூ செக்கி ஜூ புஜிவாரா கானெஃபுசா சாக்கு’. நோஷூ என்பது இப்போதைய கிஃபு மாவட்டத்தில் இருக்கும் பழைய மினோ நாடு; செக்கி ஊர்; ‘ஜூ’ என்றால் வசிப்பவர்; புஜிவாரா குடிப்பெயர்; ‘சாக்கு’ என்றால் செய்தது. செக்கி பல நூற்றாண்டுகளாக வாள் செய்யும் ஊர். அங்கே கொல்லர் பெயர்கள் வழிவழியாகக் ‘கானெ’ என்று தொடங்கும். போர்க்காலத்தில் அதிகாரிகளின் வாள்கள் மிக அதிகமாக அங்கிருந்துதான் வந்தன. அதனால் நான் பார்க்கும் படங்களில் பாதிக்குமேல் ‘கானெ’ என்று ஆரம்பித்தால் எனக்கு ஆச்சரியம் இருப்பதில்லை.

இந்தப் பெயர் பொதுவாக வாளைக் கூர் மேலாக இடுப்பில் செருகினால் வெளியே தெரியும் பக்கத்தில் இருக்கும். தேதி மறுபக்கத்தில். சில கொல்லர்கள் இதை மாற்றி, கூர் கீழாகத் தொங்கவிடும் பழைய தாச்சி முறைப்படி வெட்டியிருப்பார்கள். அப்படிப் பக்கம் மாறி இருப்பதே சில பட்டறைகளுக்கு ஓர் அடையாளம்.

தேதியை நானே படிக்க முடியுமா? எனக்கு ஜப்பானிய மொழி சுத்தமா தெரியாது.

தாராளமாக முடியும். இதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை, எண்கள் தெரிந்தால் போதும். ஒன்று என்பது ஒரு கிடைக்கோடு. இரண்டு, இரு கோடு. மூன்று, மூன்று கோடு. நான்கு ஒரு பெட்டி, உள்ளே இரண்டு கால். ஏழு, கால் வலப்பக்கம் வளைந்த கூட்டல் குறி போல. எட்டு, ஒன்றையொன்று தொடாமல் இருபுறமும் சரியும் இரண்டு கோடு. பத்து அப்படியே ஒரு கூட்டல் குறி. கூட்டல் குறியும் அதற்குக் கீழே சரியும் இரண்டு கோடும் இருந்தால் பதினெட்டு. கூட்டல் குறிக்கு மேலே இரண்டு கிடைக்கோடு இருந்தால் இருபது.

தேதியின் முதல் இரண்டு எழுத்து ‘ஷோவா’. அன்றைய பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக் காலத்துக்கு அந்தப் பெயர். முதல் எழுத்தின் இடப்பக்கம் நடுவே கோடு போட்ட நெட்டுப் பெட்டி, வலப்பக்கம் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதற்கடுத்து எண், பிறகு ‘ஆண்டு’ என்ற எழுத்து. ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். 17 என்றால் 1942, 20 என்றால் 1945. மாதத்துக்கான எழுத்து இரண்டு படி வைத்த ஏணி மாதிரி இருக்கும். நாள் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாமல் ‘நல்ல நாள்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள், அது வழக்கம்.

இரண்டு சிக்கல் வரும். ஒன்று, பேரரசின் தொடக்கத்திலிருந்து எண்ணும் ஆண்டு: ‘இரண்டாயிரத்து அறுநூறு’ என்று இருந்தால் 660-ஐக் கழியுங்கள், 1940. அந்த ஆண்டை ஜப்பான் பெரிய விழாவாகவே கொண்டாடியது. இன்னொன்று, நம் பிரபவ, விபவ மாதிரியே அவர்களுக்கும் இருக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி. அதில் ஆண்டுக்கு எண்ணே இருக்காது, இரண்டெழுத்துப் பெயர்தான். இரண்டாவது எழுத்து ஒரு விலங்கைக் குறிக்கும்: 1939 முயல், 1940 டிராகன், 1941 பாம்பு, 1942 குதிரை.

முத்திரைக்கும் கையொப்பத்துக்கும் என்ன வித்தியாசம்? எதை நம்புறது?

கையொப்பம் உளியால் கோடு கோடாக வெட்டியது. முத்திரை ஒரே அடியில் பதித்த சின்ன அச்சு, பெரும்பாலும் ஒரு நெல்மணி அளவுக்குக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். செய்தவர் யார் என்பதைக் கையொப்பம் சொல்கிறது. எந்த அமைப்பு அதைப் பரிசோதித்தது, எந்த ஏற்பாட்டில் செய்யப்பட்டது என்பதை முத்திரை சொல்கிறது.

போர்க்கால வாளில் நான் முதலில் தேடுவது முத்திரையைத்தான். புகழ்பெற்ற பெயரை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். பரிசோதனை முத்திரையை அந்தக் காலத்தில் பொய்யாகப் போட ஒருவருக்கும் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் பல முத்திரைகள் வாளின் மதிப்பை ஏற்றுவதைவிடக் குறைக்கத்தான் செய்தன.

சின்ன வட்டத்துக்குள்ள ஒரு எழுத்து, சுத்தி பூ இதழ் மாதிரி இருக்கு. இது என்ன முத்திரை?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. உள்ளே இருப்பது மேலே சொன்ன ‘ஷோவா’வின் முதல் எழுத்தா என்று பாருங்கள். அது இல்லையென்றால், இரட்டைக் கதவு போட்ட வாசல் போலத் தெரியும் ‘செக்கி’ என்ற எழுத்தாக இருக்கும். இரண்டுமே செக்கி வட்டாரத் தொழிலோடு சேர்ந்தவை. பரிசோதித்து அனுப்பிய வாள் என்பதற்காகப் போட்டது.

பின்னணி இதுதான். 1934-இல் ராணுவம் மேற்கத்திய பாணிப் பிடியை விட்டு, பழைய தாச்சி வாளைப் போன்ற ‘ஷின் குந்தோ’ அமைப்புக்கு மாறியது. 1937-இல் சீனாவோடு போர் மூண்டதும் அதிகாரிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அதிகாரிக்கு வாளை அரசு கொடுக்காது, தன் காசில் அவர்தான் வாங்க வேண்டும். கடைகளுக்கும் ராணுவ அதிகாரிகள் சங்கமான கைகோஷாவுக்கும் தேவை குவிந்தது. இரும்பு மணலிலிருந்து உருக்கிய தமஹகானே எஃகை மடித்து மடித்து அடித்து, தண்ணீரில் தோய்த்து ஒரு வாள் முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஆலை எஃகை எடுத்து, பல சமயம் மடிக்காமலே அடித்து, எண்ணெயில் தோய்த்தார்கள். இப்படிச் செய்ததைத்தான் சேகரிப்பாளர்கள் ‘ஷோவாதோ’ என்கிறார்கள். இந்த இரு முத்திரைகளில் ஒன்று இருந்தால் உங்கள் வாள் ஷோவாதோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் அது குப்பை என்று ஆகிவிடாது. போரில் நிஜமாகப் போனவை பெரும்பாலும் இந்த வாள்கள்தான். கலைப்பொருள் சந்தையில் விலை குறைவாக இருக்கலாம், சரித்திரப் பொருளாக அதன் இடம் குறையவில்லை.

‘ந’ன்னு ஒரு நிபுணர் சொன்னார், எனக்குப் புரியலை. கீழே பெட்டி, மேலே சாய்ஞ்ச கோடு.

அது நகோயா ஆயுதக் கிடங்கின் பரிசோதனை முத்திரை. நகோயா என்ற பெயரின் முதல் எழுத்து. செக்கி இருக்கும் பகுதி இந்தக் கிடங்கின் மேற்பார்வையில் இருந்ததால் அங்கே செய்த வாள்களில் இதை நிறையப் பார்க்கலாம். காம்பிலோ, முதுகில், அலகின் அடியைச் சுற்றியிருக்கும் பித்தளைக் கழுத்துக்குப் பக்கத்திலோ இருக்கும்.

நட்சத்திர முத்திரை இருந்தா அசல் பாரம்பரிய வாளுன்னு சொல்றாங்களே?

பொதுவாக ஆமாம். ஐந்து முனை நட்சத்திரம், ஆணித் துளைக்குப் பக்கத்தில் காம்பின் மேற்பகுதியில் சின்னதாகப் பதிந்திருக்கும். 1942 முதல் ராணுவம் தேர்வு வைத்துச் சில கொல்லர்களை ‘ரிக்குகுன் ஜூமெய் தோஷோ’, அதாவது ராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற வாள் கொல்லர்கள் என்று எடுத்துக்கொண்டது. அவர்களுக்குத் தமஹகானேயும் பைன் கரியும் ராணுவமே தந்தது. செய்து முடித்த வாளைப் பரிசோதித்துவிட்டு நட்சத்திரம் பதித்தது. மூலப்பொருளும் முறையும் கட்டுப்பாட்டில் இருந்ததால்தான் சேகரிப்பாளர்கள் அதற்கு மதிப்புத் தருகிறார்கள்.

ஆனாலும் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அலகை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மடித்து அடித்த எஃகில் மரத்தின் ரேகை போன்ற அமைப்பு தெரியும். கூர் ஓரமாக ஓடும் வெள்ளை அலையில் மணல் தூவினாற்போல மின்னும் துகள்கள் இருக்கும். எண்ணெயில் தோய்த்ததில் அந்த அலை சப்பையாக, சொல்லி வைத்தாற்போல ஒரே சீராக ஓடும். வாள் மெருகு போய்த் துருப்பிடித்திருந்தால் இது எதுவும் தெரியாது. அப்போது முத்திரைதான் துணை.

ஒரே கொல்லர் பேர். ஒண்ணுல நட்சத்திரம், இன்னொண்ணுல ஷோவா முத்திரை. எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வயிற்றுப்பாட்டுக்கு ஆலை எஃகிலும், ராணுவ ஏற்பாட்டில் தமஹகானேயிலும் செய்த கொல்லர்கள் உண்டு. பெயரை வைத்து வாளின் தரத்தை முடிவு செய்தால் இந்த இடத்தில்தான் ஏமாறுவோம்.

ஷோவா முத்திரையை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டுப் பாரம்பரிய வாள் என்று விற்பதும் நடக்கிறது. காம்பில் ஓர் இடம் மட்டும் லேசாகக் குழிந்து, அங்கே துருவின் நிறம் மாறி, அரக் கோடுகள் வேறு சாய்வில் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

நங்கூரம் போட்டிருக்கு. கப்பல் படை வாளா?

ஆமாம். வட்டத்துக்குள் நங்கூரம் இருந்தால் ஐச்சி மாவட்டத்தின் தோயோகாவா கடற்படை ஆயுத ஆலை. 1939-இல் தொடங்கிய அந்த ஆலையை 1945 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன, அங்கே வேலை செய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று செத்துப்போனார்கள். வட்டம் இல்லாத வெறும் நங்கூரம் என்றால் காமகுராவில் இருந்த தென்ஷோசான் பட்டறை.

தோயோகாவா வாள்கள் பலவும் துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. உப்புக்காற்றில் இருக்கும் மாலுமிக்குத் தோதான ஏற்பாடு. அதனால் அலகு இன்றும் பளபளவென்று இருந்தால் புதிதாகச் செய்த போலி என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

ரயில்வே கம்பெனி வாள் செஞ்சதாமே, இது கட்டுக்கதையா?

உண்மைதான். எனக்குப் போர்க்கால வாள்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். 1906-இல் ஏற்பட்ட தென் மஞ்சூரிய ரயில்வே வெறும் ரயில் கம்பெனியாக மட்டும் இருக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கம், இரும்பு ஆலை, ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் அதன் கையில் இருந்தன. மஞ்சூரியக் குளிரில் சாதாரண வாள்கள் உடைந்துபோகின்றன என்ற புகாருக்கு விடை தேடி, தாலியன் நகரில் வேறு முறையில் வாள் செய்யத் தொடங்கினார்கள். கடின எஃகுக் குழாய்க்குள் மெல்லிரும்பைச் செருகி, இரண்டையும் சேர்த்து அடித்து நீட்டுவது அந்த முறை. பாரம்பரிய வாளும் இல்லை, கடைச் சரக்கான ஷோவாதோவும் இல்லை. வெட்டுத் திறனில் நல்ல பெயர் எடுத்தது.

இதை அடையாளம் காண்பது எளிது. கொல்லர் பெயர் இருக்காது. ஒரு பக்கம் ‘கோஆ இஷ்ஷின்’ என்று தொடங்கி ‘மந்தெத்சு செய்தது’ என்று முடியும் நீண்ட வரி. மந்தெத்சு என்பது அந்த ரயில்வேயின் சுருக்கப் பெயர். ஆசியாவை எழுப்ப ஒரே மனம் என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டியவர் அப்போது கம்பெனித் தலைவராக இருந்த மாட்சுவோகா யோசுகே. பிறகு வெளியுறவு அமைச்சர் ஆனவர். ஆசியாவை எழுப்புவதாகச் சொன்ன வரியை வெட்டிய வாள்கள் சீனாவிலும் மலாயாவிலும் என்ன செய்தன என்பதை மறந்துவிட்டு என்னால் அதைப் படிக்க முடிவதில்லை. மறுபக்கம் தேதி இருக்கும், முன்பு சொன்ன அறுபதாண்டுப் பெயரும் ‘வசந்தம்’ போன்ற பருவப் பெயரும் சேர்ந்து. ‘தெற்கு’ என்ற எழுத்து முத்திரையாக இருக்கும். காம்பின் முதுகில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும். முதுகையும் படம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

என் வாள்ல கையொப்பமே இல்லை. பிடி அலுமினியம், அலகுல வெறும் எண்தான் இருக்கு. போலியா?

முதல் கேள்வியில் விட்டுவைத்த சார்ஜென்ட் வாள் இதுதான். 1935-இல் அறிமுகமான 95-ஆம் வகை. அதிகாரிக்குப் போலன்றி இதை அரசே கொடுத்தது. அதனால் கொல்லர் பெயருக்கு வேலை இல்லை. துப்பாக்கிக்கு எண் போடுவது போலப் போட்டார்கள். அலகு முழுக்க இயந்திரத்தில் செய்தது. பிடி, நாடா சுற்றியது போலவே வார்த்து வண்ணம் பூசிய உலோகம். ஆரம்ப காலத்தில் செம்பு, பிறகு அலுமினியம், போர் முடியும் சமயத்தில் மரம்.

எண் அலகில் பிடிக்கு அருகே இருக்கும். உறையின் வாய்ப்பகுதியிலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒன்றானால் வாளும் உறையும் முதலிலிருந்தே ஜோடி. எண்ணுக்குப் பக்கத்திலும் பிடியின் முன்வளையத்திலும் ஆயுதக் கிடங்கு, பரிசோதகர் முத்திரைகள் சின்னதாக இருக்கும். பிடியைக் கழற்றாதீர்கள்.

காம்புல வெள்ளை பெயின்ட்ல, சிவப்பு பெயின்ட்ல ஏதோ கிறுக்கியிருக்கு. யாராவது அப்புறமா எழுதினதா?

அழித்துவிடாதீர்கள், பட்டறையில் எழுதியதுதான். ஒவ்வொரு அலகுக்கும் பிடியும் தகடுகளும் உறையும் அளவெடுத்துச் செய்யப்பட்டன. கலந்துபோகாமல் இருக்க அலகுக்கு வண்ணத்தில் எண் எழுதி, அதே எண்ணைத் தகடுகளிலும் கைக்காப்பிலும் உளியால் குத்திவிடுவார்கள். எண்கள் ஒத்துப்போனால் எதுவும் மாற்றப்படாத முழு வாள் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. அப்போ என்னன்னு எடுத்துக்கிறது?

மூன்று வாய்ப்பு உண்டு. முத்திரை ஏற்பாட்டுக்கு வெளியே தனிக் கொல்லர் செய்தது ஒன்று. குடும்பத்தின் பழைய வாளை அதிகாரி ராணுவப் பிடியில் மாட்டிக் கொண்டுபோனது இரண்டாவது; இது நிறைய நடந்திருக்கிறது. அப்படி வரும் வாளில் கையொப்பம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலோ, காம்பில் இரண்டு மூன்று துளைகள் இருந்தாலோ, பிற்காலத்தில் யாரோ அதைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். துருவின் நிறத்தைப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது, யாசுகுனி கோயில் பட்டறை. 1933-இல் டோக்கியோவில் அந்தக் கோயில் வளாகத்தில் தொடங்கிய ‘நிஹொந்தோ தன்ரென்காய்’ 1945 வரை சுமார் 8,100 வாள்களைச் செய்தது. அதற்கான தமஹகானேக்காகவே ஷிமானே மலைப்பகுதியில் பழைய முறை உலையை மறுபடி மூட்டினார்கள். முழுக்கப் பாரம்பரிய முறைதான், ஆனால் நட்சத்திரம் இருக்காது. கொல்லர் பெயர்கள் எல்லாம் ‘யாசு’ என்று தொடங்கும்: மியாகுச்சி யாசுஹிரோ, கஜியாமா யாசுதோகு, இகெதா யாசுமித்சு. கையொப்பம் நான் முன்பு சொன்ன தாச்சிப் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

மசமுனேன்னு எழுதியிருக்கு! கோடிக்கணக்கில் போகுமா?

போகாது. ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற வாள் கொல்லரான மசமுனே 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14-இன் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். கையொப்பமிட்ட அவருடைய வாள்கள் மிக மிக அரிது. 17-ஆம் நூற்றாண்டுக் கொல்லர் கோதெத்சுவின் பெயருக்கும் இதே கதை. ஜப்பானிலேயே அதிகம் பொய்க் கையொப்பம் வெட்டப்பட்ட பெயர்களில் அது ஒன்று. இப்படிப் பெரிய பெயரைப் பொய்யாக வெட்டுவதைக் ‘கிமெய்’ என்பார்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கும் சங்கதி, போர்க்காலத்தில் புதிதாகக் கிளம்பியது அல்ல.

கிமெய் என்றாலும் அலகு நல்ல பழைய அலகாக இருக்கலாம். பெயரை ஒதுக்கிவிட்டு அலகைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே கொல்லரோட ரெண்டு வாள், ஆனா கையெழுத்து வேற வேற மாதிரி இருக்கு. ஒண்ணு போலிதானே?

பழைய வாளாக இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம். போர்க்காலச் செக்கி வாளுக்கு அந்த அளவுகோல் சரிப்படாது. அங்கே கையொப்பம் வெட்டுவதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள், ‘மெய்கிரிஷி’ என்று பெயர். கொல்லர் அடித்துக் கொடுப்பார், பெயரை இவர் வெட்டுவார். ஒருவரே பல கொல்லர்களின் பெயரை வெட்டியதும் உண்டு, ஒரு கொல்லரின் பெயரைப் பலர் வெட்டியதும் உண்டு. எழுத்தில் உளி ஓடிய விதம் மாறுவதற்கு அதுதான் காரணம்.

அதனால் எழுத்து மாறினாலும் முத்திரை, தேதி, அரக் கோட்டின் சாய்வு, காம்பின் அடி வடிவம் ஆகிய நாலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அரக் கோட்டையும் காம்பின் வடிவத்தையும் ஒவ்வொரு பட்டறையும் சுலபத்தில் மாற்றாது.

இப்போவும் போலி செய்றாங்களாமே? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிறையச் செய்கிறார்கள். 95-ஆம் வகைக்கும் கடற்படை வாளுக்கும் போலி அதிகம். கூர் ஓர அலை அமிலத்தால் வரைந்தது போலத் தட்டையாக, ஒளியில் சாய்த்தாலும் மாறாமல் இருக்கும். காம்பு முழுக்க ஒரே ஆரஞ்சுத் துரு. எண்கள் கோணலாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில். எழுத்தில் கோடு விட்டுப்போயிருக்கும், ஜப்பானியர் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அலகிலேயே, வெளியே தெரியும்படி பெரிய வாசகம் வெட்டியிருந்தால் பெரும்பாலும் கைவிட்டுவிடலாம்.

ஜப்பானுக்கே எடுத்துட்டுப் போய் மதிப்புப் போட்டுட்டு வரலாமா?

யோசித்துச் செய்யுங்கள். ஜப்பானில் வாளைக் கலைப்பொருளாகப் பதிவு செய்தால்தான் வைத்திருக்க முடியும். பாரம்பரிய முறையில் செய்ததற்குத்தான் அந்தப் பதிவு. ஷோவா முத்திரை, செக்கி முத்திரை போட்டதும் 95-ஆம் வகையும் வெறும் ஆயுதக் கணக்கில் போய்விடும், பறிமுதல் ஆகலாம். நட்சத்திர முத்திரை, யாசுகுனி வாள் என்றால் அங்கே இருக்கும் தெரிந்தவரிடம் படம் அனுப்பிக் கேட்டுவிட்டு அப்புறம் பயணத்தை யோசிக்கலாம். 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் மதிப்பீட்டுச் சான்றிதழ் தருகிறது.

பிடியில ஒரு மரச்சீட்டு கட்டியிருக்கு, ஜப்பானிய எழுத்து. கொல்லர் பேரா?

இல்லை, வாளை வைத்திருந்தவர் பெயர். சரணடைந்தபோது அதிகாரிகள் தங்கள் பெயர், பதவி, படைப்பிரிவு எழுதி மரத்துண்டோ துணியோ காகிதமோ கட்டிக் கொடுத்தார்கள். பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம், ஜப்பானிய அதிகாரிகள் வாளை நேரில் ஒப்படைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அந்தப் படையில் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்கள். நம் ஊர்க் குடும்பங்களில் இந்த வாள்கள் இருப்பதற்கு அது ஒரு முக்கிய வழி. தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானியப் படைகளின் தலைமைத் தளபதி தெராவுச்சி தன் இரு வாள்களை நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தது 1945 நவம்பர் 30, சைகோனில்.

சீட்டு இருந்தால் அதை அவிழ்க்காமல் இரு பக்கமும் படம் எடுங்கள். பிடியின் நுனித் தொப்பியில் சின்ன வெள்ளிச் சின்னம் பதித்திருந்தால் அது அவருடைய குடும்பச் சின்னம், அதையும் சேர்த்து எடுங்கள். பெயரும் பிரிவும் தெளிவாக இருந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்க்க வழி உண்டு. திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டார் முடிவு. முடிவு செய்யும் வரைக்கும் சீட்டையும் வாளையும் பிரிக்காமல், காம்பைத் தேய்க்காமல், அலகில் மெல்லிய எண்ணெய் தடவி, ஈரம் படாத இடத்தில் படுக்க வைத்திருங்கள்.